மூலை மேஜையின் மெனு

குரோம்பேட்டையில், ஜி.எஸ்.டி. ரோட்டைப் பார்த்த ஒரு பாத்திரக் கடையின் மாடியில் அந்த அலுவலகம் இருந்தது. வெளிநாட்டுப் புத்தகங்களுக்குக் கம்ப்யூட்டரில் பக்கம் அமைத்துக் கொடுப்பது அங்கே வேலை. இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நான் அங்கே ஆறு மாதம்கூட முழுதாக இருக்கவில்லை. ஆனாலும் இன்றைக்கு அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் முகத்தை மறுபுறம் திருப்பிக்கொள்கிறேன். காலம் எல்லாவற்றையும் ஆற்றிவிடும் என்று சொல்கிறவர்களுக்கு என் வணக்கம். எனக்கு ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் யாரிடமும் விண்ணப்பமும் போடவில்லை.

என் பகை ஒரு மெனுவில் ஆரம்பித்தது. கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலின் மேல் மவுஸை வைத்து வலது பொத்தானை அழுத்தினால் ஒரு சின்னப் பட்டி விரியுமே, திற, நகலெடு, பெயர் மாற்று என்றெல்லாம் வருமே, அதுதான். மற்றவர்களின் மெஷினில் அழுத்திய விரலை எடுப்பதற்குள் அது விரிந்துவிடும். என் மெஷினில் அழுத்தினால் அம்புக்குறி மணல்கடிகாரமாக மாறி நிற்கும். நான் டப்பாவைத் திறந்து அம்மா மதியத்துக்கு என்ன கட்டியிருக்கிறார் என்று பார்த்து, மூடி, பையில் வைத்துவிட்டுத் திரும்பினால் அப்போதுதான் மெனு விரியும். அதற்குள் எதற்காக அதைத் திறந்தேன் என்பது எனக்கு மறந்திருக்கும்.

கீபோர்டிலேயே செய்துகொள்ளலாமே என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். செய்து பார்த்தேன். ஃபைலைச் சேமிக்கப் போனால் திறக்கும் பெட்டியும் அதே கதை, கீழே இருக்கும் ஸ்டார்ட் மெனுவும் அதே கதை. ஒரு புத்தகத்தின் ஒரே ஓர் அத்தியாயத்துக்குப் படம், அட்டவணை, குறிப்பு என்று ஏகப்பட்ட சின்னச் சின்ன ஃபைல்கள் வரும். ஒவ்வொன்றையும் திறக்க வேண்டும், பெயர் மாற்ற வேண்டும், இடம் மாற்ற வேண்டும். அந்த மெனுவைத் தொடாமல் என் வேலையில் ஓர் அடிகூட எடுத்து வைக்க முடியாது. பக்கம் அமைப்பதில் நான் மட்டமில்லை. பக்கத்துக்குப் போய்ச் சேர்வதற்குத்தான் நேரமாயிற்று.

இது ஏன் உயிர்போகிற விஷயம் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு இரும்புலியூரில். அப்பா மிஷன் பள்ளி ஆசிரியர், அம்மாவும் அதே பள்ளியில் ஆசிரியை, அண்ணன் ஆசிரியன், அவன் கட்டிக்கொண்டவளும் ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வாசலில் நின்றால், என்னைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "பி.எட். எப்போ சேரப் போற?" எனக்குக் கரும்பலகை என்றாலே எரிச்சல். சண்டை போட்டு, சாப்பிடாமல் கிடந்து, மேற்குத் தாம்பரத்தில் ஒரு சென்டரில் பக்க வடிவமைப்புக் கற்றுக்கொண்டு, தேடித் தேடி இந்த வேலைக்கு வந்தேன். அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "ஆறு மாசத்துல உன்னை நிரந்தரம் பண்ணிட்டா நான் வாயைத் திறக்க மாட்டேன். இல்லைன்னா அடுத்த வருஷம் பி.எட்." தீபாவளிக்குப் பிறகு என் ஆறு மாதம் முடியும். நிரந்தரமா இல்லையா என்று மேனேஜர் அப்போது சொல்வார்.

மேனேஜர் நல்ல சட்டை போடுவார். அவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு இருப்பது அவ்வளவுதான். சாயந்திரம் ஆனால் சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில் இன்று யார் எத்தனை பக்கம் முடித்தார்கள் என்று எழுதுவார். என் எண் எப்போதும் கடைசி. எழுதிவிட்டு என் பக்கம் திரும்பி, அறை முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஸ்பீடு பத்தலம்மா" என்பார்.

"சார், மெஷின் ஸ்லோ. மெனுவே திறக்க மாட்டேங்குது."

"இதையேதான் இதுக்கு முன்னாடி உக்காந்த பொண்ணும் சொல்லிச்சு."

எனக்கு முன்னால் அந்த மூலை மேஜையில் ஒரு பெண் இருந்திருக்கிறாள். அவளுக்கு முன்னால் இன்னொருத்தி. இரண்டு பேரையும் ஸ்பீடு பத்தவில்லை என்று அனுப்பியிருக்கிறார்கள். இதைப் பக்கத்து மேஜை அக்காதான் எனக்குச் சொன்னார். அஸ்தினாபுரத்திலிருந்து வருகிறவர், அந்த அலுவலகம் தொடங்கிய நாளிலிருந்து இருக்கிறவர். "அது ராசியில்லாத சீட்டுடி. யார் உக்காந்தாலும் நிக்க மாட்டாங்க" என்றார். மூன்று பேர் அடுத்தடுத்து ஒரே மேஜையில் மெதுவாகிறார்கள் என்றால், புத்தியுள்ளவர்கள் மேஜையைப் பார்ப்பார்களா, ஆளைப் பார்ப்பார்களா? அங்கே படித்தவர்கள் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து ராசியைப் பார்த்தார்கள்.

கம்ப்யூட்டர் பழுது பார்க்க ஒரு சர்வீஸ் இன்ஜினியர் வருவார். கோவிலம்பாக்கத்திலிருந்து பைக்கில் வந்து, ஹெல்மெட்டைக் கொண்டுவந்து என் கீபோர்டு மேலேயே வைப்பார். முதல் தடவை மவுஸை மாற்றினார். அடுத்த தடவை வைரஸ் என்றார். அதற்கடுத்து, நான் திரையில் வைத்திருந்த செம்பருத்திப் படம்தான் காரணம் என்று அதை எடுத்துவிட்டுப் போனார். பூ போயிற்று, மெனு அப்படியே கிடந்தது. பிறகு மெமரி கூட்டினார். அதுவும் உதவவில்லை. மறுபடி கூப்பிட்டபோது அலுத்துக்கொண்டார்.

"இன்னா மேடம், சும்மா சும்மா பேஜார் பண்றீங்க? மெஷின் நல்லாத்தான் கீது. நீங்க படபடன்னு கிளிக் பண்ணீங்கனா அது இன்னா பண்ணும்?"

"அப்ப ஃபார்மேட் பண்ணிடுங்க" என்றேன்.

அவர் கை சட்டென்று நின்றது. இந்த மனிதருக்கு ஃபார்மேட் என்பது எல்லா நோய்க்குமான ஒரே மருந்து. பிரிண்டர் வேலை செய்யவில்லை என்றாலும் கம்ப்யூட்டரைத் துடைத்துவிட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து போடுவார். அக்காவின் மெஷினை அந்த வருடத்தில் எத்தனை தடவை அப்படித் துடைத்திருப்பார் என்று கணக்கே இல்லை. ஆனால் என்னிடம், "இத்த ஃபார்மேட் பண்ணக் கூடாது மேடம்" என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஏன் கூடாது என்று கேட்டேன். படியிறங்கும் சத்தம்தான் பதில்.

முதலாளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கத்த மாட்டார், திட்ட மாட்டார், மெல்லத்தான் பேசுவார். வெள்ளிக்கிழமை காலையில் சாம்பிராணிக் கரண்டியோடு ஒவ்வொரு மேஜையாக வருவார். எல்லா மேஜையிலும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போகிறவர், என் மேஜைக்கு வந்ததும் நின்றுவிடுவார். என் திரையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்ப்பார். பிறகு கண்ணில் ஒற்றிக்கொள்வது மாதிரி கையைக் கொண்டுபோய்விட்டு நகர்வார். நான் பக்கம் எப்படிச் செய்கிறேன் என்று பார்க்கிறார் போலிருக்கிறது, ஒருவேளை நம் வேலை பிடித்திருக்கிறது என்று நினைத்து, வெள்ளிக்கிழமைகளில் கொஞ்சம் நிமிர்ந்துகூட உட்கார்ந்திருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

அவர் அறையில் சாமி படங்களுக்குக் கீழே கனமான சாம்பல் நிறப் பெட்டி ஒன்று இருந்தது. ஒயர் எதுவும் கிடையாது. நெற்றியில் சந்தனம், குங்குமம், வெள்ளிக்கிழமையானால் ஒரு முழம் பூ. நான் அதைப் பழைய யு.பி.எஸ். என்று நினைத்திருந்தேன். அக்கா சிரித்துவிட்டார். "அடிப்பாவி, அது எங்க முதல் சர்வர்டி. எல்லாரோட ஃபைலும் அதுக்குள்ளதான் இருக்கும். அது வந்த அப்புறம்தான் முதல் ஃபாரின் ஆர்டரே வந்துது. புது சர்வர் வாங்கினதும் இதைப் பிடுங்கி அங்க வெச்சுட்டார்." நான் கேட்டுக்கொண்டேன். அதற்கும் எனக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அப்போது தோன்றவில்லை.

ஆயுத பூஜை வந்தது. அந்த அலுவலகத்தில் அதைக் குறைவில்லாமல் செய்வார்கள். காலையிலேயே எல்லா ஒயரையும் கழற்றி மெஷின்களைத் துடைத்து, பொட்டு வைத்து, திரும்பவும் கரண்ட் கொடுத்து வைப்பார்கள். ஆரத்தி காட்டும்போது எல்லாத் திரையிலும் வெளிச்சம் இருக்க வேண்டும் என்பது முதலாளியின் கண்டிப்பு. ஆனால் மெஷின்களையெல்லாம் சர்வரோடு இணைக்கும் ஒயர்கள் போய்ச் சேரும் சின்னப் பெட்டி இருக்கிறதே, ஹப், அதைக் கழற்றிக்கொண்டுபோய்ப் புது சர்வருக்குப் பக்கத்தில் பூஜையில் வைத்துவிட்டார்கள். பொரி, கடலை, வாழைப்பழம், ஸ்டேப்ளர், கத்தரிக்கோல், அதன் நடுவே ஹப். ஆக, மெஷின்கள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன, ஆனால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லை.

எல்லோரும் முன்னறையில் கூடிவிட்டார்கள். நான் சர்ச்சுக்குப் போகிறவள் என்பதால் யாரும் வற்புறுத்தவில்லை. பொரி வரும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று என் மூலையிலேயே உட்கார்ந்திருந்தேன். அங்கே மணி அடிக்கிறது, இங்கே நான் சும்மா மவுஸை உருட்டிக்கொண்டிருக்கிறேன். பழக்க தோஷத்தில் ஒரு ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்தேன்.

மெனு பட்டென்று விரிந்தது.

மூடிவிட்டு மறுபடி செய்தேன். மறுபடியும் பட்டென்று. ஸ்டார்ட் மெனுவும் அப்படியே. நான் பைத்தியம் மாதிரி கிளிக் செய்துகொண்டே இருந்தேன். இத்தனை மாதம் என்னைப் பார்த்து முக்கிக்கொண்டிருந்த சனியன், யாரோடும் பேச்சுவார்த்தை இல்லை என்றதும் ஓடுகிறது. கற்பூர வாசனை அறைக்குள் வந்தது. யாரோ என் மானிட்டருக்கும் ஆரத்தி காட்டிவிட்டுப் போனார்கள். எனக்குப் பொரிகூட இறங்கவில்லை.

விடுமுறை முடிந்து வேலை தொடங்கிய அன்று, ஹப் பழைய இடத்துக்கு வந்திருந்தது. மெனுவும் பழையபடி படுத்துவிட்டது. குனிந்து மெஷினுக்குப் பின்னால் இருந்த நெட்வொர்க் ஒயரை மட்டும் பிடுங்கினேன். மெனு விரிந்தது. ஒயரைச் செருகினேன். மணல்கடிகாரம். சந்தேகமே இல்லை. மவுஸ் இல்லை, வைரஸ் இல்லை, என் செம்பருத்தி இல்லை, என் விரல் இல்லவே இல்லை. இந்த மெஷின் மெனுவைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் ஒயர் வழியாக யாரையோ கூப்பிட்டுவிட்டு, பதில் வரும் என்று காத்திருக்கிறது. பதில் வராது என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மெனுவைக் கொடுக்கிறது.

இன்ஜினியரை வரவழைத்து, மேனேஜரையும் கூப்பிட்டு நிறுத்தி, இரண்டு பேர் முன்னாலும் செய்து காட்டினேன். ஒயரைப் பிடுங்கு, திற. ஒயரைச் செருகு, காத்திரு. மேனேஜர் முகத்தில் கொஞ்சம் ஆச்சரியம் வந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இன்ஜினியர் முகத்தில் எந்த ஆச்சரியமும் இல்லை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அவரை மாடிப்படியில் மடக்கினேன். "உங்களுக்கு முன்னாடியே தெரியும், இல்ல?"

"தெரியாம இன்னா மேடம்?" என்றார், ஹெல்மெட்டைக் கையில் சுழற்றிக்கொண்டே. "ஓனர் ரூம்ல பொட்டு வெச்சுகினு ஒரு சர்வர் கீதே, அத்தோட பேசறதுக்கு ஒரு சாஃப்ட்வேர் கீது. கிளையண்டுன்னு சொல்வாங்க. மத்த எல்லா மெஷின்லயும் எடுத்தாச்சு, ஓனருதுலதான் மொதல்ல எடுக்கச் சொன்னாரு. உங்களுதுல மட்டும் வுட்டு வெச்சிகீறேன். அது பாட்டுக்கு அந்தப் பழைய சர்வரைத் தேடிகினே இருக்கும். அது எங்க ஆன்சர் பண்ணும்? அதான் லேட்டு."

"எதுக்கு விட்டு வெச்சீங்க?"

"ஓனர்தான் சொன்னாரு. அரிசிப் பானையக்கூட அடியோட வழிக்க மாட்டோம், ஒரு கைப்பிடியாவது வுட்டு வெப்போம், அந்த மாதிரி இத்தயும் ஒரு மெஷின்லயாவது வுட்டு வை, ராசியான சர்வர்னாரு. அதான் ஃபார்மேட் பண்ணக் கூடாதுன்னேன்."

"மெஷின் ஸ்லோ ஆகும்னு அவர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேனே. புதுசா வர்ற பொண்ணுங்க உக்கார்ற மெஷின்தானே, பழகிக்கும்னாரு."

பழகிக்கும். எனக்கு முன்னால் இரண்டு பேர் பழகிக்கொள்ளாமல் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அரிசிப் பானையை வழிக்காமல் விடுவது எங்கள் வீட்டிலும் உண்டு. அம்மாவும் அடியில் ஒரு பிடி அரிசி இல்லாமல் பானையை விட மாட்டார். அந்தப் பிடியை யாரும் அடுத்த வீட்டுக்காரி வாயில் திணிப்பதில்லை. அவ்வளவு ராசியான மென்பொருளை முதலாளி தன் சொந்த மெஷினில் வைத்துக்கொண்டிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். அவருடைய மெஷினிலிருந்துதான் முதல் வேலையாக எடுக்கச் சொல்லியிருக்கிறார். ராசி அவருக்கு, காத்திருப்பு எனக்கு.

என் திரையில் இருந்த ஒரு சிவப்பு வட்டமும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. திரையின் கீழ் ஓரத்தில், மணி காட்டும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு சின்னச் சிவப்பு வட்டம் எப்போதும் இருக்கும். அதுதான் அந்தக் கிளையண்டின் அடையாளம். வெள்ளிக்கிழமைகளில் அவர் நின்று பார்த்தது என் வேலையை இல்லை. அந்த வட்டத்தை.

மேனேஜரிடம் போனேன். "சார், அதை எடுக்கச் சொல்லுங்க. இல்லைன்னா என்னை வேற மெஷின்ல போடுங்க."

"வேற மெஷின் காலியில்லை. ஓனர் சென்டிமென்ட்ல நான் கை வைக்க முடியாது."

"அப்ப நிரந்தரம் பண்றப்ப, மெஷின்தான் ஸ்லோ, ஆள் இல்லைன்னாவது சொல்லுங்க."

"மெஷினைப் பத்தி யாரும்மா கேட்பாங்க? உன் நம்பர்தான் போர்டுல இருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தி, ஏதோ எனக்கு நல்லது சொல்கிறவர் மாதிரி, "இதெல்லாம் அவங்கவங்க நம்பிக்கை. நீ சர்ச்சுக்குப் போற பொண்ணு, உனக்குப் புரியாது" என்றார்.

"ரைட் கிளிக் பண்றதுக்கு எந்தச் சாமி சார் வேணும்?" என்று கேட்டுவிட்டேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. நாலு வருடம் அங்கே வேலை பார்த்தவர்களுக்கே அவரிடம் அப்படிப் பேசத் துணிச்சல் கிடையாது. பின்னால் அக்கா இருமுவது கேட்டது. சிரிப்பை அடக்கினால் அவருக்கு இருமல் வரும்.

காரணம் மெஷின் என்று தெரியாமல் என்னைக் குறை சொன்ன வரைக்கும் அவரை ஓர் அசடு என்று விட்டிருப்பேன். தெரிந்த அன்று சாயந்திரமும் பலகையில் என் எண்ணை எழுதிவிட்டுத் திரும்பி, "ஸ்பீடு பத்தலம்மா" என்றார் பாருங்கள், அன்றைக்கு நான் முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், மென்பொருள்களை நீக்கும் இடத்துக்குப் போனேன். பாஸ்வேர்டு, அனுமதி என்று எதுவும் இல்லாத காலம் அது. யார் வேண்டுமானாலும் எதையும் போடலாம், எடுக்கலாம். அந்தக் கிளையண்டின் பெயரைத் தேர்ந்தெடுத்து நீக்கு என்றேன். நிச்சயமாகத்தானா என்று மெஷின் கேட்டது. அந்த அலுவலகத்தில் என்னிடம் கருத்துக் கேட்ட முதல் ஆள் அதுதான். நிச்சயமாக என்றேன். மெஷினை அணைத்துப் போட்டேன். சிவப்பு வட்டம் போய்விட்டது. ஒயர் செருகியபடியே இருக்க, ரைட் கிளிக் செய்தேன். பட். எனக்கு ஒரு துளிகூடக் குற்ற உணர்ச்சி வரவில்லை. இன்றைக்கு மறுபடி அந்த நாற்காலியில் உட்கார வைத்தாலும் அதையேதான் செய்வேன், இந்த முறை மதியம் வரை காத்திருக்க மாட்டேன்.

அடுத்து வந்த நாட்கள் போல நான் அதற்கு முன்பும் வேலை செய்ததில்லை, பின்பும் செய்ததில்லை. ஃபைல்கள் கையோடு ஓடின. சாயந்திரம் வெள்ளைப் பலகையில் மேனேஜர் என் எண்ணை எழுதும்போது ஒரு நிமிஷம் தயங்கி, தாளைத் திரும்பப் பார்த்துவிட்டு எழுதினார். அக்காவையே தாண்டிவிட்டேன். "என்னடி, பேய் கீய் புடிச்சிருக்கா?" என்றார் அக்கா. காதோடு விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமைக்கு என்ன பண்ணுவே?" என்று கேட்டார்.

நான் ஒன்றும் செய்யவில்லை. வெள்ளிக்கிழமை வந்தது, சாம்பிராணியும் வந்தது. முதலாளி என் மேஜைக்கு வந்து நின்றார். திரையின் கீழ் ஓரத்தைப் பார்த்தார். குனிந்து பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இங்க ஒரு சிவப்பு இருக்குமே. எங்க?"

"நான் எடுத்துட்டேன் சார்."

"யாரைக் கேட்டு?"

"இதை எடுக்கச் சொல்லி மேனேஜர்கிட்ட கேட்டேன் சார். அவர் முடியாதுன்னார். அது இருந்ததாலதான் இந்த மெஷின் ஸ்லோவா இருந்தது. எனக்கு முன்னாடி ரெண்டு பேர் போனதும் அதனாலதான். இப்ப போர்டைப் பாருங்க."

அவர் போர்டைப் பார்க்கவில்லை. சாம்பிராணிக் கரண்டியை என் மேஜையிலேயே வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய் இன்ஜினியருக்குப் போன் செய்தார். உடனே வந்து திரும்பப் போட்டுக் கொடு என்றார். அந்தப் பழைய மென்பொருளின் சி.டி. கீறல் விழுந்து எப்போதோ தூக்கிப் போட்டாயிற்று என்று இன்ஜினியர் சொல்லியிருக்கிறார். எங்கேயும் கிடைக்காதாம். அடுத்த அறையில் உட்கார்ந்து அதைக் கேட்டபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அடியோடு வழித்துவிட்டேன். ஓர் அரிசி மணிகூட மிச்சமில்லை.

சாயந்திரம் மேனேஜர் கூப்பிட்டார். முதலாளி எதையும் மேனேஜர் வாயால்தான் சொல்வார். "திங்கக்கிழமையிலேர்ந்து வர வேண்டாம்மா. ஸ்பீடு பத்தலைன்னு போட்டுக்கறேன். வேற காரணம் போட்டா உனக்குத்தான் அசிங்கம்." பின்னாலிருந்த பலகையைக் காட்டினேன். அந்த வாரம் முழுக்க என் எண்தான் முதலில் இருந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். எழுந்து போய், டஸ்டரை எடுத்துப் பலகையைத் துடைத்தார்.

தீபாவளி போனது. அடுத்த வருடம் நான் பி.எட். சேர்ந்தேன். அப்பா ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை, அதுவே எனக்குப் போதுமான தண்டனையாக இருந்தது.

கல்லூரிக்குப் போக ஒரு காலை தாம்பரம் ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தேன். கையில் பாடம் நடத்துவதற்குச் சுருட்டி வைத்த சார்ட். யாரோ பின்னாலிருந்து தோளில் தட்டினார்கள். பார்த்தால் அக்கா. தங்கை வீட்டுக்கு வந்துவிட்டு அங்கிருந்தே ஆபீசுக்குப் போகிறார். நலம் விசாரித்தோம். என் சார்ட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் இருந்தார், நல்ல மனுஷி.

"அந்த மூலை மேஜையில யார்க்கா இருக்காங்க?" என்று நானே கேட்டேன்.

"ஒரு பொண்ணு வந்திருக்கா. பல்லாவரம். நல்ல ஸ்பீடுடி. மூணே மாசத்துல நிரந்தரம் பண்ணிட்டாங்க." கொஞ்சம் தயங்கிவிட்டுத் தொடர்ந்தார். "நீ போன மறுநாளே ஓனர் அந்த சீட்டுக்குத் திருஷ்டி சுத்தி, ரோட்டுல பூசணிக்காய் உடைச்சார். அதுக்கப்புறம் மெஷின் பறக்குதுன்னு வர்றவங்ககிட்டல்லாம் சொல்லிக்கிட்டிருக்கார். பீடை விலகிடுச்சாம். இப்ப அதுதான் ராசியான சீட்டு."

"அக்கா, அது பூசணிக்காய் இல்லை. நான் எடுத்தது."

"எனக்குத் தெரியாதாடி?" என்றார். "ஆனா பீடைன்னு அவர் சொல்றது அந்த சாஃப்ட்வேரை இல்லை. உன்னை."

சென்னை பீச் போகிற ரயில் வந்தது. அக்கா பெண்கள் பெட்டியில் ஏறிக்கொண்டு, உள்ளே இடம் பிடித்து வைத்து, வா வா என்று கையைக் காட்டினார். குரோம்பேட்டை வழியாகப் போகிற ரயில் அது. அடுத்ததும் அப்படித்தான். ஆனாலும் நான் அடுத்த வண்டிக்கு நின்றுவிட்டேன்.